ஒரு தட்டு, ரெண்டு தட்டு

ஒகேனக்கல்லுக்குப் பல தடவை லோடு எடுத்துட்டுப் போயிருக்கேன். அருவியைப் பார்த்ததில்லை. ஹோட்டல் பின்பக்கம் தக்காளிப் பெட்டி இறக்குவேன். தண்ணி விழற சத்தம் கேக்கும். வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுவேன்.

சித்தேரியும் அப்படித்தான். அரூர் வரைக்கும் போவேன். மலை ஏறினதில்லை. ஏற வேலை வரலை.

ரெண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தேன். ஒரு பாட்டு கோஷ்டிக்கு சாமான் ஏத்திக்கிட்டுப் போற வேலை. அதோட இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு ஆளுக்குப் பதில் சொல்லணும்.

என் பேர் மாதம்மா. பாலக்கோடு பக்கம். சொந்தமா மினி டெம்போ இருக்கு. நானே ஓட்டறேன். எட்டாவதோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. கல்யாணம் ஆகலை. வூட்டுல நானும் அம்மாவும்.

அந்த ஆள் பேர் ரீகன். இருக்கறது பெங்களூரு. அவங்க அப்பா அம்மா நம்ம ஜில்லாவுல இருந்து கட்டட வேலைக்குப் போனவங்க. சின்ன வயசுல மாதா கோயில்ல பாடிப் பழகினவர், இப்போ ராக் பாட்டு பாடறார். மேடையில் குதிப்பார். கத்துவார். கடைசியில் சட்டையைக் கழட்டி ஜனங்க மேல வீசுவார். முடி தோளைத் தாண்டும். கையெல்லாம் பச்சை குத்தியிருப்பார். ஒரு காதுல ரெண்டு வளையம். அவர் மூஞ்சியை பனியன்ல போட்டுக்கிட்டுத் திரியற பசங்க பெங்களூர்ல இருக்காங்க. நானே பார்த்தேன்.

ஒரு தடவை தருமபுரியில் அவங்க கச்சேரி. வந்த வேன் வழியில நின்னுபோய் என் வண்டியைக் கூப்பிட்டாங்க. போற வழியெல்லாம் அவர் பேசினார். நான் ஓட்டினேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எப்போ வந்தாலும் என் வண்டிதான். போன்லயும் பேசுவார். நான் 'ம்' போடுவேன். அவருக்கு அதுவே போதும் போல.

போன மாசம் போன்ல கேட்டுட்டார். "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா ஓனரு?" என்னை ஓனருன்னுதான் கூப்பிடுவார். அப்போ வண்டி நிறைய தக்காளி. மார்க்கெட் வாசல்ல நிக்கறேன்.

"லோடு எறக்கிட்டு சொல்றேன்"னு சொன்னேன்.

இறக்கினேன். சொல்லலை. வேணாங்கவும் வாய் வரலை. சரிங்கவும் வரலை.

அம்மாகிட்ட சொன்னேன். அவங்க களி கிண்டிக்கிட்டிருந்தாங்க. துடுப்பை நிறுத்தாமயே பேசினாங்க. "அவங்க வேதக்காரங்க, நாம மாரியாத்தாளைக் கும்புடறவங்க. அது கெடக்கட்டும். அவன் வாய மூடறதில்ல. நீ வாயத் தொறக்கறதில்ல. நடுவுல நான் எங்கடி ஒக்காருவேன்?"

அப்போதான் இந்த வேலை வந்தது. ஒரு பாட்டைப் படம் பிடிக்கணும். பாதி ஒகேனக்கல்ல, பாதி சித்தேரியில. சாமான் வண்டியோட மூணு நாள். போறதுன்னு முடிவு பண்ணேன். ஒரு ஆளைத் தெரிஞ்சுக்கணும்னா அவரோட வண்டியில போகணும். வண்டி மக்கர் பண்ணா இன்னும் நல்லாத் தெரியும்.

போன்ல அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "சித்தேரியில சாமான் எறக்கினதும் பதில் சொல்றேன். நடுவுல கேக்கக் கூடாது."

"சத்தியமா கேக்க மாட்டேன் ஓனரு"ன்னார். அப்புறம் அதைப் பத்தியே அரை மணி நேரம் பேசினார்.

*

முதல் நாள். பொம்மிடி ஸ்டேஷன்.

ரயில்ல இருந்து அவரும் ஒரு பொண்ணும் இறங்கினாங்க. ஷில்பா. அவங்க கோஷ்டியில டிரம் அடிக்கற பொண்ணு, கேமராவும் அதுதான். வூட்டுல பேசறது கன்னடம். எங்க ஊர்லயும் பாதி வூட்டுல கன்னடம்தான், அதனால எனக்குப் புரியும். அது சொன்னதை எல்லாம் இங்க தமிழ்ல எழுதறேன்.

டிரம் பெட்டிகளை வெளியே கொண்டுவந்து வெச்சோம். டீக்கடையில நின்ன பெரியவர் ஒருத்தர் கிட்ட வந்து பார்த்தார். மேளத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எந்த ஊர்லங்க சாவு?"

"சாவு இல்லைங்க. இது ராக்"னார் ரீகன்.

"அது எந்த ஊரு சாமி?"

ரீகன் சொல்ல ஆரம்பிச்சார். நான் எல்லாப் பெட்டியையும் ஏத்திக் கயிறு கட்டற வரைக்கும் சொன்னார். பெரியவர் கடைசியா, "அப்ப சாவுக்கும் வருவீங்களா?"ன்னார். ரீகன் நம்பர் கொடுத்தார். உண்மையாவே கொடுத்தார்.

சாமான் வண்டியில ஆள் ஏத்தறது தப்பு. தெரியும். டிரம் ஆடாம பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு ஏத்தினேன். ஷில்பா முன்னாடி என் பக்கத்துல. ரீகன் பின்னாடி சாமானோட.

ஷில்பா போனை எடுத்தது. போன்ல அத்தியாயம் அத்தியாயமா வர்ற ஒரு நாவல் படிச்சிட்டிருக்காம். பாதியில நிக்குதாம். "அக்கா, நீங்களும் கேளுங்க. ஒரு ராக் ஸ்டார், ஒரு லைப்ரரியில வேலை செய்யற பொண்ணு. அவன் ஊரையே கத்தி எழுப்பறவன். அவ பேசவே மாட்டா. ரெண்டு பேருக்கும் ஒத்தே வராது. ஆனா காதல்."

பின்னாடி இருந்த ஆள் என்கிட்ட கல்யாணம் கேட்டது ஷில்பாவுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியலை. அது மூஞ்சியில ஒண்ணும் காட்டலை. நானும் காட்டலை.

"அந்தப் பையனுக்கு சொந்தமா பஸ் இருக்கு அக்கா. உள்ளயே கட்டில், சோபா, எல்லாம். ஊர் ஊரா அதுலதான் போவான்."

"யாரு ஓட்டறது?"

"எதை?"

"பஸ்ஸ."

ஷில்பா போனைத் தள்ளிப் பார்த்தது. "டிரைவரைப் பத்தி ஒண்ணும் வரலையே அக்கா."

சரின்னேன். வரும்னு நெனச்சேன்.

அப்போ பின்னாடி ஒரு தட்டு விழுந்தது. டப். ஓரம் கட்டி நிறுத்தினேன். ஒண்ணுமில்லை. ரெண்டு தட்டு விழுந்தது. கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி டப். நிறுத்தினேன். இப்படியே நாலஞ்சு தடவை. தருமபுரி நெருங்கும்போது நடு ரோட்டுல ஒரு டப். பிரேக் அடிச்சேன். பின்னாடி வந்த லாரி என்னை உரசிக்கிட்டு ஒதுங்கிப் போய் நின்னது. டிரைவர் தலையை நீட்டினார்.

"யம்மா! வண்டி ஓட்டறியா, வாசல்ல கோலம் போடறியா?"

அவர் மேல தப்பில்லை. இறங்கிப் பின்னாடி போனேன். ரீகன் கண்ணை மூடிக்கிட்டு வண்டி பாடியில தாளம் போட்டுக்கிட்டிருந்தார்.

"என்னா ஓனரு, வண்டி மக்கர் பண்ணுதா? நின்னு நின்னு போகுது?"

"நீங்க தட்டறீங்க."

"பாட்டுக்குத் தட்டறேன்."

லோடு வண்டியில தட்டு ஒரு பாஷை. பின்னாடி நிக்கற கிளீனர் பாடியில தட்டுவார். ஒரு தட்டுன்னா நில்லு. ரெண்டு தட்டுன்னா போ. இத்தனை வருஷமா அதைக் கேட்டுத்தான் என் கால் வேலை செய்யுது. மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடி காலுக்குத் தெரிஞ்சுடும். இதை அவருக்குச் சொன்னேன். அன்னிக்கு நான் பேசின பெரிய பேச்சு அதுதான்.

அவர் யோசிச்சார். "அப்ப நான் ஒரு தட்டு தட்டினா நீ எங்க இருந்தாலும் நின்னுடுவியா?"

"ஆமா."

"ரெண்டு தட்டினா?"

"போயிடுவேன்."

அதுக்கப்புறம் பென்னாகரம் வரைக்கும் பின்னாடி இருந்து சத்தமே இல்லை. ஆள் விழுந்துட்டாரான்னு ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். இருந்தார். கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்திருந்தார்.

*

ஒகேனக்கல்ல இறங்கினதும் குரங்கு வந்து ஷில்பா கையில இருந்த நிப்பட் தட்டை பாக்கெட்டைப் பிடுங்கிட்டுப் போச்சு. மொறுமொறுன்னு எங்க எதிரயே உக்காந்து தின்னுது. பாலக்கோட்டு மார்க்கெட்ல மாடு தக்காளி திங்கும். ஆனா ஓடிப் போய்த் திங்கும். இங்க குரங்குக்கு அந்தப் பயம் இல்லை.

மீன் வறுக்கற அக்காங்க வரிசையா அடுப்பு வெச்சிருக்காங்க. மீனை நாம வாங்கிக் கொடுத்தா மசாலா தடவி வறுத்துத் தருவாங்க. எங்களுக்கு வறுத்த அக்கா ரீகன் முடியைப் பார்த்தாங்க.

"தம்பி, தள்ளி நில்லு. முடி எண்ணெயில வுழுந்தா மீனு எது முடி எதுன்னு தெரியாது."

ரீகன் அந்த அக்காகிட்ட மீன் பேர், ஆத்துல தண்ணி வரத்து, புள்ளைங்க படிப்பு எல்லாம் விசாரிச்சார். அந்த அக்கா அவருக்கு ஒரு துண்டு அதிகமா வெச்சாங்க. எனக்கு வெக்கலை. நான் ஒண்ணும் கேக்கலையே.

மீன் நல்லா இருந்தது. காரம் கொஞ்சம் தூக்கல். எங்க பக்கம் மசாலாவுல புளி சேர்ப்போம், இங்க இல்லை. தின்னுக்கிட்டிருக்கும்போது ரீகன் சொன்னார்.

"நான் கேக்கலை ஓனரு. சும்மா சொல்றேன். நாளைக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆச்சுன்னா, நீ இந்த ஸ்டீரிங்கைத் தொடவே வேணாம். பெங்களூர்ல வூடு இருக்கு. ராணி மாதிரி பின் சீட்டுல வா. டிரைவர் போட்டுக்கலாம்."

ஆசையாத்தான் சொன்னார். அவர் மூஞ்சியில தெரிஞ்சது.

"மீன் ஆறுது"ன்னேன்.

அந்த இடத்துலயே எனக்குப் பதில் கிடைச்சுடுச்சு. வேணாம். வண்டிய வுட்டுட்டு நான் எங்க போவேன்? டிரைவர் போட்டா நான் யாரு? சித்தேரியில சாமான் இறக்கினதும் சொல்லிடணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன். ஒத்துக்கிட்ட லோடை நடுவுல இறக்கக் கூடாது. அதனால மீதி ரெண்டு நாளும் ஓட்டறதுன்னு வெச்சேன்.

*

ரெண்டாம் நாள் அருவியைப் பார்த்தேன்.

தண்ணி கம்மிதான்னாங்க. எனக்கு நிறைய. பாறை நடுவுல பல இடத்துல விழுது. பக்கத்துல இருக்கறவங்க பேசறது கேக்காது. எனக்குப் பிடிச்சிருந்தது. யாரும் என்னை ஏன் பேசலைன்னு கேக்க மாட்டாங்க.

பரிசல்ல ஏறினோம். ஏறும்போது பயம். காட்டிக்கலை. பரிசல் வட்டமா இருக்கு. முன்னாடி எது பின்னாடி எதுன்னு இல்லை. ஸ்டீரிங் இல்லை, ஒரு துடுப்புதான்.

"அண்ணா, பிரேக் எங்க?"ன்னு பரிசல்காரரைக் கேட்டேன்.

"ஆத்துக்கு ஏதும்மா பிரேக்கு? அது நின்னாத்தான் நாம நிப்போம்"னுட்டு பரிசலை ஒரு சுத்து சுத்திவிட்டார். ஷில்பா கூவிச்சு. ரீகன் சிரிச்சார். நான் விளிம்பைப் பிடிச்ச கையை எடுக்கலை. இறங்கறப்போ விரல் விரியவே இல்லை.

பாறை மேல நிறுத்தி ரீகனைப் படம் பிடிச்சாங்க. பாட்டு முன்னாடியே ரெக்கார்டு ஆனதுதான். வாயை அசைச்சாப் போதும்னு ஷில்பா சொல்லிச்சு. அவர் கேக்கலை. "நெசமா பாடினாத்தான் கழுத்து நரம்பு தெரியும்"னார். அருவிக்கு எதிரா நின்னு கத்திப் பாடினார். திரும்பத் திரும்ப. வெயில் உச்சிக்கு வர வரைக்கும்.

பரிசல்காரர் என் பக்கம் குனிஞ்சு, "யாரும்மா இவரு? காவேரியோட சண்டை போடறாரு? காவேரி தோத்ததில்லீங்களே"ன்னார்.

தோத்தது ரீகன்தான். கரைக்கு வந்ததும் வாயைத் திறந்தார். காத்துதான் வந்தது. மறுபடி திறந்தார். கதவு கிறீச்சிடற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பென்னாகரத்துல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ரெண்டு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாக் கூட பேசக் கூடாது"ன்னார். ரீகன் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கலை. கொஞ்சம் சிரிச்சேன்.

அரூர் போற வழியெல்லாம் ஷில்பா நாவல் படிச்சது. லைப்ரரி பொண்ணு வேலையை விட்டுட்டா. அந்தப் பையன், 'இனிமே உனக்கு எதுக்கு வேலை, என்கூட பஸ்ல வா'ன்னு சொல்லிட்டானாம். ஷில்பா கண்ணைத் துடைச்சுக்கிச்சு. "எவ்வளவு அன்பு பாருங்க அக்கா."

"அவ என்ன சொன்னா?"

"இன்னும் சொல்லலை. கடைசி அத்தியாயத்துலதான் வரும். நாளைக்குத்தான் போடுவாங்க."

"டிரைவர் வந்தாரா?"

"வரலை அக்கா."

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் வந்தது. புத்தகம் அடுக்கற வேலை. நல்ல வேலை. சத்தமே இல்லை.

அரூர் டீக்கடையில ரீகனுக்கு மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். குடிச்சார். பக்கத்து பெஞ்சுல ஒருத்தர், "எந்த ஊருங்க?"ன்னு அவரைக் கேட்டார். ரீகன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். நான்தான் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. எந்த ஊரு, எங்க போறோம், பெட்டியில என்னா, இதெல்லாம். ஒரு டீ முடியறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. இதை இவர் தினமும் எப்படிச் செய்யறார்னு நெனச்சேன்.

*

மூணாம் நாள் மலை.

ராத்திரி மழை பெய்திருந்தது. ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு ஏறணும். காத்து குளிர்ந்து வந்தது. எங்க பக்கம் இந்த நேரத்துக்கு வெயில் முதுகைச் சுடும். இங்க ஷில்பா துப்பட்டாவைத் தலையில சுத்திக்கிச்சு.

பின்னாடி சத்தமே இல்லை. பேச்சும் இல்லை, தாளமும் இல்லை. எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. ரெண்டு மூணு தடவை கண்ணாடியில பார்த்தேன். அவர் டிரம்மைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தார்.

ஒரு வளைவுல மேல இருந்து பஸ் வந்துடுச்சு. நிறைய ஜனம். ரெண்டு பேரும் நின்னோம். ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு கணக்கு. ஆனா பஸ் பின்னாடி போக இடமில்லை. ஒதுங்கற இடம் எனக்குப் பின்னாடி, கீழ இருந்தது. நான்தான் ரிவர்ஸ் போகணும். இறக்கத்துல, லோடோட, ஈர மண்ணுல.

பஸ் டிரைவர் கையைக் காட்டினார். "பின்னாடி வுடும்மா. பாத்து வுடு."

கண்ணாடியில ரோட்டோட விளிம்பு தெரியலை. பள்ளம் இருக்கற பக்கம் இடது பக்கம். "ரீகன், எறங்கிப் பின்னாடி பாத்து சொல்லுங்க"ன்னு கத்தினேன். கத்தினப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவரால சொல்ல முடியாது.

குதிக்கற சத்தம் கேட்டது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கற மரக்கட்டையை எடுத்துக்கிட்டு இறங்கியிருக்கார். பின் மூலையில ஒரு கை வந்து பாடியில விழுந்தது.

டப் டப்.

கிளட்சை விட்டேன். வண்டி பின்னாடி நகர்ந்தது.

டப் டப். நிதானமா. டப் டப். நிதானமா. பஸ்ல இருந்த ஜனமெல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குது. டப் டப். ரெண்டு நாள் முன்னாடி கண்ணை மூடித் தாளம் போட்ட அதே கை. இப்போ ஒரு தட்டு கூட அதிகம் இல்லை. வண்டி எவ்வளவு போகணுமோ அவ்வளவுக்குத்தான் தட்டு விழுது.

டப்.

நின்னேன். யோசிக்கலை. கண்ணாடியைப் பார்க்கலை. கால் நின்னுடுச்சு.

எத்தனையோ பேர் என் வண்டிக்குப் பின்னாடி நின்னு சொல்லியிருக்காங்க. யார் தட்டினாலும் நான் ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் நம்புவேன். அன்னிக்குப் பார்க்கலை.

கட்டை சக்கரத்துக்கு அடியில விழற சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண். விளிம்பு மண்ணு ஏற்கெனவே கீழ சரிஞ்சிருந்தது. ரீகன் முழங்கால் வரைக்கும் சேறு. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல, அந்தச் சரிஞ்ச மண்ணுலதான் நின்னிருக்கார்.

பஸ் மெல்ல எங்களைத் தாண்டிச்சு. டிரைவர் நிறுத்திச் சொன்னார். "யம்மா, கிளீனர் சுத்தமா சொல்றான். எங்க புடிச்ச? எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடு. எனக்கு வாய்ச்சவன் எப்பவும் தூங்கறான்."

ஷில்பாவுக்குப் பொறுக்கலை. "அண்ணா, அவரு கிளீனர் இல்ல. பெரிய ராக் ஸ்டா..."

ரீகன் கையைக் காட்டி ஷில்பாவை நிறுத்தினார். பஸ் டிரைவரைப் பார்த்து நெத்தியில கை வெச்சு சலாம் போட்டார். பேசக் கூடாத ஆள், கதவு கிறீச்சிடற குரல்ல ஒரே வார்த்தை சொன்னார்.

"கிளீனர்தான்."

பஸ் போயிடுச்சு. நான் சீட்ல வந்து உக்காந்தேன். ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் கிளப்பாம இருந்தேன். பதிலை முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பின்னாடி ரெண்டு தட்டு விழுந்தது. கிளம்பினேன்.

*

சித்தேரியில ஒரு வூட்டுல சாப்பாடு சொல்லியிருந்தாங்க. சாமைச் சோறு, கீரைக் கடைசல், தொட்டுக்க வறுத்த மிளகாய். சாமைச் சோறு வாயில உதிரும், வயித்துல நிக்கும். நான் ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டேன்.

சோறு போட்ட அம்மா ரீகனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "பாட்டுக்காரருன்னாங்க, வாயே தொறக்க மாட்டேங்கறாரு?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் என்ன சொல்றதுன்னு பார்க்கறதுக்குள்ள அவங்களே, "பேசாத ஆம்பள கெடைக்கறது கஷ்டம்டி யம்மா. வுட்டுடாத"ன்னாங்க.

ஷில்பாவுக்குப் புரை ஏறிடுச்சு.

ரீகன் பாதிச் சோத்துல எழுந்துட்டார். கை கழுவினார். வண்டிகிட்டப் போனார். ஒத்தை ஆளா டிரம் பெட்டியை இறக்க ஆரம்பிச்சார். நானும் ஷில்பாவும் கை கழுவிட்டுப் போறதுக்குள்ள பாதி இறங்கிடுச்சு. மீதியை மூணு பேரும் இறக்கினோம். கடைசியா கிட்டார் பெட்டி. அதை அவர் தரையில வெச்சார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

வண்டி காலி.

கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். கேக்கவும் முடியாது அவரால. சும்மா நின்னார். காது வளையம் ரெண்டும் வெயில்ல மின்னுது. முட்டியில சேறு காஞ்சுபோயிருந்தது.

ஷில்பா ஒரு பாறை மேல ஏறிப் போனைத் தூக்கிப் பிடிச்சிருந்தது. "ஐயோ, இங்க டவரே இல்லை! கடைசி அத்தியாயம் வந்திருக்கும். திறக்க மாட்டேங்குது. அக்கா, அவ என்ன சொல்லியிருப்பா? நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க?"

இப்போ நினைச்சா, ஷில்பாவுக்கு முதல் நாள்ல இருந்தே தெரியும்னுதான் தோணுது.

வாயைத் திறந்தேன். வார்த்தை எதுவும் வரலை. எனக்கு இது புதுசில்லை. வழக்கமா அப்படியே மூடிக்குவேன்.

வண்டிக்குப் பின்னாடி போனேன். கையைத் தூக்கினேன். பாடியில தட்டினேன்.

டப் டப்.

பாறை மேல இருந்து ஷில்பா, "என்ன அக்கா? என்ன சொன்னீங்க?"ன்னுச்சு.

ரீகனுக்குக் கேட்டுடுச்சு. மூஞ்சி முழுக்க என்னென்னமோ வந்துச்சு. ஒரு மணி நேரம் பேசற அளவுக்கு விஷயம் அந்த மூஞ்சியில இருந்தது. ஒரு வார்த்தை கூட வெளிய வரலை. பாவமாத்தான் இருந்தது.

அவர் குனிஞ்சார். சக்கரத்துக்கு அடியில இருந்த கட்டையை எடுத்தார். மண்ணைத் தட்டினார். கட்டையை வைக்கற இடத்துல வெச்சார். சுத்திப் போய் இடது பக்கம் ஏறி உக்காந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டீரிங் இருக்கற வலது பக்கத்தை எனக்குக் காலியா விட்டிருந்தார்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்? ஷூட்டிங் இருக்கே!"ன்னு ஷில்பா கத்திச்சு.

"வண்டிய நெழல்ல போடணும்"னு சொல்லிட்டு ஏறினேன்.

*

அம்மாகிட்ட சொல்லியாச்சு. "உன் எடம் நடு சீட்டு"ன்னு சொன்னேன். திட்டினாங்க. அப்புறம், டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சதுமே பேச ஆரம்பிச்சிடுவானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பெருமூச்சு விட்டாங்க. சாயங்காலம் ஊருக்கே சொல்லிட்டாங்க.

ஷில்பா பெங்களூர் போனதும் கடைசி அத்தியாயத்தைப் படிச்சிடுச்சு. போன் பண்ணிச்சு. லைப்ரரி பொண்ணு சரின்னு சொல்லிட்டாளாம். பஸ்ல ஏறிட்டாளாம். பஸ் மலையில வளைஞ்சு வளைஞ்சு போகுதாம். அதோட கதை முடிஞ்சுதாம். ரொம்ப அழகா எழுதியிருக்காங்களாம்.

யார் ஓட்டறாங்கன்னு கேட்டேன்.

கடைசி வரைக்கும் போடலையாம்.